புலப்படா முதலாளிகள்: ஹாஃப் லைஃப் விளையாட்டுகளில் ஜி-மேனும் ஆர்வலர் ஊகங்களும்

கதையொன்றில் தீயோன் ஒருவன் தோன்றி, அவனுக்கும் மேலே ஆணையிடுவோர் உளர் என்னும் குறிப்பு மட்டும் கிடைக்குமாயின், கேட்போர் மனம் அத்தீயோனை விட்டு அவனுக்கு மேலிருப்போரைத் தேடிச் செல்லும். அறிவியல் புனைவைக் களமாகக் கொண்ட கணினி விளையாட்டுகளில் இத்தேடல் தனியொரு உரைமரபாகவே வளர்ந்துள்ளது. விளையாட்டை ஆடி முடித்தோர் அதன் உரையாடல்களையும் காட்சிகளையும் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, மறைந்திருக்கும் தலைவன் இன்னான் என நிறுவ முற்படுகின்றனர். இவற்றை ஆர்வலர் ஊகங்கள் எனலாம். பொழுதுபோக்கு என்று இவற்றைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயின் பனுவலின் ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு பொருள் காணும் முயற்சி எங்கு நிகழினும் அது உரைகாணும் முயற்சியே. உரைக்குரிய அளவைகளால் அளக்கப்படும் தகுதியும் அதற்கு உண்டு.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 1998 நவம்பரில் வெளியிட்ட 'ஹாஃப் லைஃப்' என்னும் விளையாட்டிலும் அதன் தொடர்ச்சிகளிலும் வரும் ஜி-மேன் என்னும் பாத்திரத்தைப் பற்றிய ஊகங்கள் இவ்வகையில் தலையாயவை. கால் நூற்றாண்டு கடந்தும் அவை ஓயவில்லை. அவ்வூகங்கள் எவற்றைச் சான்றாகக் கொள்கின்றன, எவற்றைக் காணாது விடுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாத்திரமும் பெயரும்

விளையாட்டை அறியாதார் பொருட்டுக் கதையைச் சுருங்கக் கூறல் வேண்டும். நியூ மெக்சிகோவிலுள்ள பிளாக் மெசா என்னும் ஆய்வுக்கூடத்தில் கார்டன் ஃப்ரீமேன் என்னும் இளம் இயற்பியலாளர் ஒரு படிகத்தை ஆய்வுக் கருவியினுள் தள்ளுகிறார். அதனால் வெளியில் ஒரு பிளவு ஏற்பட்டு, ஸென் என்னும் வேற்றுலகின் உயிர்கள் உள்ளே நுழைகின்றன. ஃப்ரீமேன் போராடி ஸென்னுக்கே சென்று, அவ்வுயிர்களை ஆளும் நிஹிலாந்தைக் கொல்கிறார். 2004இல் வெளிவந்த இரண்டாம் விளையாட்டில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்துவிட்டன. கம்பைன் என்னும் பேரரசு உலகை வென்று அடிமைப்படுத்தியுள்ளது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் இரண்டு தொடர்பகுதிகள் வந்தன. பதின்மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பின், 2020 மார்ச்சில், இரண்டாம் விளையாட்டுக்கு ஐந்தாண்டு முந்தைய நிகழ்ச்சிகளைக் கூறும் 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' வெளிவந்தது. ஃப்ரீமேன் இவற்றில் எங்கும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. இச்செய்தி பின்னர் வேண்டப்படும்.

ஜி-மேன் கோட்டும் கழுத்துப்பட்டியும் அணிந்து, கையில் பெட்டியுடன் தோன்றுபவன். முதல் விளையாட்டின் தொடக்கத்திலேயே, ஃப்ரீமேன் செல்லும் டிராம் வண்டிக்கு அருகே கடந்து செல்லும் மற்றொரு வண்டியில் அவனைக் காணலாம். பின்னர்க் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஓர் அறிவியலாளரோடு வாதிட்டுக்கொண்டிருக்கிறான். அதன்பின் எட்டாத மேடைகளிலும் மூடிய கதவுகளுக்கு அப்பாலும் தோன்றி, ஆடுநர் நெருங்குமுன் அகன்றுவிடுகிறான். தொலைவில் தோன்றும் உருவம் கட்டையோ மகனோ என ஐயுறுவதை உரையாசிரியர்கள் திணை ஐயத்திற்கு எடுத்துக்காட்டுவர். விளையாட்டின் முற்பகுதி முழுவதும் ஜி-மேன் நிற்பது அத்தொலைவில்தான்.

அவன் பேச்சும் ஐயத்தையே வளர்க்கிறது. குரல் கொடுத்த மைக் ஷபிரோ, மூச்சு விட வேண்டாத இடத்தில் விட்டு, அழுத்தம் வேண்டாத அசையை அழுத்தி, சொற்களின் இறுதியை இழுத்துப் பேசுகிறார். சொற்கள் அலுவலகச் சொற்கள். ஓசையோ மனித மொழியைப் பிற்காலத்தில் கற்றுக்கொண்ட ஒன்றன் ஓசை. இவன் மனிதன் அல்லன் என்னும் ஊகத்திற்கு ஆர்வலர் காட்டும் முதற்சான்று இவ்வோசையே. அதற்கு அரணாக நிஹிலாந்தின் வாக்கையும் காட்டுவர். உடைந்த தொடர்களால் ஃப்ரீமேனோடு பேசும் அவ்வுயிர், ஃப்ரீமேன் மனிதன் என்றும், அவரை எதிர்நோக்கிக் காத்திருப்பவன் மனிதன் அல்லன் என்றும் பொருள்படக் கூறுகிறது. அங்கும் ஆண்பாற் சுட்டுப்பெயர் மாறவில்லை என்பது நோக்கத்தக்கது. மக்களோடு தேவரையும் நரகரையும் உயர்திணையுள் அடக்கிய நன்னூலாருக்கு இதில் இடர்ப்பாடு இருந்திராது.

ஜி-மேன் என்னும் பெயர் கதைக்குள் இல்லை. எவரும் அவனை அவ்வாறு அழைப்பதில்லை. விளையாட்டின் கோப்புகளில் அவ்வுருவத்திற்கு இடப்பட்ட பெயரை ஆர்வலர் எடுத்து வழங்கினர். அமெரிக்கக் கொச்சை வழக்கில் 1930களிலேயே அச்சொல் நடுவண் அரசின் துப்பறிவாளரைக் குறித்தது. அரசின் ஆள் என்பது அதன் நேர்ப்பொருள். ஆகவே பெயரே பிறிதொன்றின் ஆள் என்னும் உறவைச் சுமந்து நிற்கிறது. தனக்கெனப் பெயரற்ற ஒருவனுக்கு வழங்கிய பெயரும் அவனை ஏவும் ஒன்றைச் சுட்டுவதாக அமைந்துவிட்டது.

முதலாளிகள் என்னும் சொல்

ஆர்வலர் எழுத்துகளில் பெரிதும் பயில்வது ஜி-மேனின் எசமானர் யார் என்னும் வினா. பனுவலில் அச்சொல் இல்லை. அங்குள்ள சொல் வேலைக்கு அமர்த்துவோரைக் குறிப்பது. தமிழில் முதலாளிகள் எனலாம். எசமானன் என்பதற்கு எதிர்ச்சொல் அடிமை. முதலாளி என்பதற்கு எதிர்ச்சொல் தொழிலாளி. முன்னதில் உடைமை உறவு, பின்னதில் ஒப்பந்த உறவு. இவ்விரண்டையும் மயக்கியமையால் விளைந்த குழப்பம் சிறிதன்று.

அச்சொல் வரும் இடங்களையும், அதனோடு ஒட்டி வரும் இடங்களையும் வரிசையாகக் காண்டல் வேண்டும். முதல் விளையாட்டின் இறுதியில் ஜி-மேன் ஃப்ரீமேனை ஒரு டிராம் வண்டியில் நிறுத்தி, அவருடைய திறனைத் தன் முதலாளிகளிடம் பரிந்துரைத்ததாகவும், வேலை வழங்கத் தனக்கு அவர்கள் அதிகாரம் அளித்ததாகவும், ஃப்ரீமேனின் ஆற்றலுக்கு எல்லையில்லை என்னும் தன் கருத்திற்கு அவர்கள் இசைந்ததாகவும் கூறுகிறான். முதலாளிகளின் வினைகள் இரண்டே: அதிகாரம் அளித்தல், இசைதல். பரிந்துரைத்தவன் அவன். ஒளிரும் வாயிலுள் ஃப்ரீமேன் நுழைந்தால் ஒப்பந்தம் முடிந்தது; நுழையாவிடில் படைக்கலன் ஏதுமின்றி, வெல்ல இயலாத பகைக்கூட்டத்தின் முன் நிறுத்தப்படுகிறார். பேசாத ஒருவரின் இசைவு, ஓர் அடி முன்வைத்தலால் பெறப்படுகிறது.

கியர்பாக்ஸ் நிறுவனம் ஆக்கி 1999இல் வெளிவந்த 'ஆப்போசிங் ஃபோர்ஸ்' என்னும் விரிவுப் பகுதியில் ஏட்ரியன் ஷெப்பர்ட் என்னும் படைவீரன் ஓர் அணுகுண்டைச் செயலிழக்கச் செய்கிறான். ஜி-மேன் அதை மீண்டும் இயக்கிவிடுகிறான். இறுதியில் ஷெப்பர்டைக் காவலில் வைக்கும்போது, அவனைச் சிறிது காலம் அழியாது காக்கத் தான் வாதிட்டதாகக் கூறுகிறான். யாரிடம் வாதிட்டான் என்பதற்குச் சொல் இல்லை. 2004இன் இறுதிக் காட்சியில் முதலாளிகள் என்னும் சொல்லே இல்லை. ஃப்ரீமேனின் பணிக்குக் கவர்ச்சியான கோரிக்கைகள் வந்துள்ளன என்றும், தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டென்ற மயக்கத்தைத் தாராமல் தானே தேர்ந்துவிடப்போவதாகவும் சொல்கிறான். மேலும் கூறத் தனக்கு உரிமையில்லை என்கிறான். 2007இல், அலிக்ஸ் வான்ஸ் என்னும் பெண்ணைக் குழந்தைப் பருவத்தில் பிளாக் மெசாவிலிருந்து எடுத்துவந்தபோது சிலர் மறுப்புக் கூறினர் என்றும், அவர்களை அடக்க இயலாவிடத்துப் புறக்கணிக்கக் கற்றதாகவும், இப்போது சில கட்டுப்பாடுகளுக்குத் தான் உடன்பட்டிருப்பதாகவும் சொல்கிறான். அவளைக் குறிக்க அவன் ஆளும் சொல் முதலீடு. 2020இல் அலிக்ஸ் கம்பைனை உலகினின்று அகற்றுமாறு கேட்கிறாள். தன் முதலாளிகளின் நலனைக் கருதின் அது மிகப் பெரிய தள்ளல் என மறுக்கிறான்.

பரிந்துரை, அதிகாரம், பணி, கோரிக்கை, முதலீடு, கட்டுப்பாடு, நலன் என வரும் இச்சொற்களில் ஒன்றேனும் சமயத்தையோ அரசியலையோ சார்ந்ததன்று. அனைத்தும் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் சொற்கள். அறிவியல் புனைவுக்கு இயல்பான விண்வெளிச் சொற்கள்கூட அவன் வாயில் அரிதே. மார்க் லெய்ட்லா என்னும் நாவலாசிரியர் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து எழுதிய கதை இது. வேற்றுலகங்களைத் திறந்து மூடும் ஆற்றலுடைய ஒருவனுக்கு அவர் தந்த மொழி, பணியமர்த்தும் அலுவலரின் மொழி. கதையின் அச்சம் பெரும்பகுதி இப்பொருத்தமின்மையிலிருந்தே பிறக்கிறது. ஊகங்களோ இம்மொழியைத் திரை எனக் கருதி விலக்கிவிட்டு, அதன்பின் என்ன இருக்கிறது என்று மட்டும் தேடுகின்றன.

இலக்கண நோக்கில் மற்றொன்றும் கருதத்தக்கது. ஆங்கில மூலத்தில் அச்சொல் பன்மை. ஆயினும் ஆங்கிலப் பன்மை திணை காட்டாது. ஒரு குழுமமும் வேலைக்கு அமர்த்தலாம், ஓர் ஆளும் அமர்த்தலாம், ஒரு பொறியும் அமர்த்தலாம். இதனைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் 'இசைந்தனர்' என்பதா 'இசைந்தன' என்பதா என்னும் முடிவை முதலிலேயே எடுத்தாக வேண்டும். எடுத்தவுடன் ஊகங்களில் பாதி வீழ்ந்துவிடும். மூலம் காக்கும் ஐயத்தைத் தமிழின் வினைமுற்று காக்க இடந்தராது. பால் ஐயம் தோன்றுமிடத்துப் பன்மையாற் கூறுக என்பது தொல்காப்பியம் கிளவியாக்கத்துள் காட்டும் நெறி. ஜி-மேனின் பன்மையும் அத்தகைய ஐயப்பன்மையாக இருத்தல் கூடும். பலர் உளர் என்பதற்கு அதனைச் சான்றாகக் கொண்டு, உறுப்பினர் எண்ணிக்கை வரை கணக்கிட்ட ஊகங்கள் இந்நுட்பத்தை எண்ணவில்லை.

ஊகங்கள்

கம்பைனே முதலாளிகள் என்னும் ஊகம் 2004க்குப் பின் எழுந்தது. பிளாக் மெசாவுக்குப் படிகத்தைக் கொண்டுவந்து கொடுத்தவன் ஜி-மேனே என்று அலிக்ஸின் தந்தை ஈலை வான்ஸ் 2007ஆம் ஆண்டுப் பகுதியில் கூறுவது இதற்கு வலுவூட்டியது. படிகம் இல்லையேல் பிளவு இல்லை. பிளவு இல்லையேல் கம்பைனின் வருகை இல்லை. காரணகாரியத் தொடர்ச்சி சரியே. ஆயின் ஒரு நிகழ்ச்சியால் பயன்பெற்றவரே அதை ஏவினார் என்பது துணியத்தக்க முடிவன்று. கம்பைனின் ஆட்சியைக் குலைக்க ஃப்ரீமேனை எழுப்பி அனுப்புபவனும் ஜி-மேனே. 2020இல் கம்பைன் பெருஞ்செலவில் வானில் தொங்கவிட்ட சிறைக்கூடத்துள் அடைபட்டிருந்தவன் அவன் எனத் தெரிந்தபின் இவ்வூகம் நிற்க வழியில்லை. சொந்த ஆளையே சிறைவைத்தனர் என வாதிட்டு இதனைக் காக்க முனைவோரும் உளர்; சான்று எதிராக வரும்போதெல்லாம் கருதுகோளை நீட்டிக்கொண்டே செல்வது எத்துறையிலும் நல்ல அறிகுறியன்று.

'ஆப்போசிங் ஃபோர்ஸ்' பகுதியில் மட்டும் வரும், ரேஸ் எக்ஸ் என வழங்கும் உயிரினத்தை முதலாளிகளாக்கும் ஊகத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வேறு எங்கும் வாராத ஒன்றை, எல்லாவிடத்தும் நிழலாக உள்ள ஒன்றுக்குப் பொருளாக்கும் முயற்சி அது.

எதிர்காலத்திலிருந்து மீண்டுவந்த ஃப்ரீமேனே ஜி-மேன் என்னும் ஊகம் மிகப் பரவலானது. கதைச்சுவை மிக்கதும் ஆகும். பெயரின் முதலெழுத்து ஒற்றுமை, பிழைத்திருக்கும் திறத்தில் மற்றொருவர் தன்னையே நினைவூட்டுவதாக ஜி-மேன் கூறுவது ஆகியவற்றை இதன் சான்றுகளாகக் காட்டுவர். அக்கூற்று ஃப்ரீமேனை நோக்கியதன்று, ஷெப்பர்டை நோக்கியது. இதை உணர்ந்த சிலர் ஷெப்பர்டே ஜி-மேன் என மாற்றிக்கொண்டனர். எவ்வாறாயினும் இது முதலாளிகள் யார் என்னும் வினாவுக்கு விடையாகாது. வேலையாளின் பழம்பிறப்பைச் சொல்கிறதேயன்றி வேலையளித்தோரைச் சொல்லவில்லை.

முதலாளிகள் என எவரும் இலர். ஜி-மேன் தன் விருப்பத்தை மறைக்கப் புனைந்துகொண்ட பொய் அது என்னும் ஊகம் இவற்றுள் கூர்மையானது. முதலாளிகளைக் கண்டோர் இல்லை. அவர்தம் செயல் எதுவும் காட்சியாக இடம்பெறவில்லை. அவர்களைப் பற்றிச் சொல்லும் ஒரே வாய் ஜி-மேனுடையது. ஃப்ரீமேனின் ஒப்பந்தம் மிகு விலை தருவோருக்குத் திறந்திருந்தது என உலகின் ஆட்சியாளனாகிய பிரீன் ஓரிடத்தில் கூறுவது மட்டுமே வேறொரு வாயிலிருந்து வரும் சான்று. அதுவும் விலை கேட்போரைச் சுட்டுகிறதேயன்றி, விற்பவனுக்கு மேலே ஒருவர் உளர் எனச் சொல்லவில்லை. தோல்வியை நெருங்கும் பகைவனின் கூற்றாதலின் அதன் தகுதியும் ஆராயத்தக்கதே. இவ்வூகம் பனுவலைக் கூர்ந்து படித்ததன் விளைவு. எனினும் இன்மையை மெய்ப்பிக்கக் காணாமை போதாது. மேலும், பொய் சொல்பவனுக்கு அப்பொய்யால் பயன் வேண்டும். பேசாத, மறுக்க இயலாத, உறக்கத்தில் வைத்து எழுப்பப்படும் ஒருவரிடம் முதலாளிகளின் பெயரைச் சொல்லி ஜி-மேன் பெறுவது என்ன என்பதற்கு இவ்வூகத்தார் விடை கூறவில்லை.

விளையாட்டை ஆக்கியோரும் ஆடுவோருமே அம்முதலாளிகள் என்பது மற்றொரு கூற்று. ஒரு விளையாட்டு முடிந்து அடுத்தது வரும்வரை ஃப்ரீமேன் காலமற்ற உறக்கத்தில் கிடத்தப்படுகிறார், வேண்டும்போது எழுப்பப்படுகிறார். 2007க்கும் 2020க்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் இக்கூற்றுக்கு ஒருவகைக் கைப்பும் சேர்ந்தது. படிப்பதற்கு இனியது எனினும் எல்லாக் கதைக்கும் பொருந்தும் விளக்கம் எந்தக் கதையையும் விளக்குவதில்லை. ஆக்கியோனின்றி இயங்கும் பாத்திரம் யாண்டும் இல்லை. அவ்வுண்மையைக் கண்டறிய ஜி-மேன் வேண்டுவதில்லை.

விடை கிடைத்த இடத்தில் என்ன நேர்ந்தது என்பதற்கு வேறொரு விளையாட்டுத் தொடரை ஒப்புநோக்கலாம். கனடாவின் பயோவேர் நிறுவனம் 2007 நவம்பரில் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் சாரன் என்னும் துரோகி முதலில் தீயோனாகக் காட்டப்படுகிறான். அவன் ஊர்ந்துவரும் கப்பலாகிய சாவரினே அவனை ஆட்டுவிப்பது என்பது பின்னர் வெளியாகிறது. தனக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை, தன்னை உணரும் ஆற்றல் உயிர்களுக்கு இல்லை என அக்கப்பல் உரைக்கும் இடம் அத்தொடரின் உச்சம். 2010இல் அதற்கு நிகரான ஹார்பிஞ்சர் வந்தது. 2012 மார்ச்சில் அவை அனைத்தையும் இயக்கும் ஓர் அறிவுப்பொறி சிறுவன் வடிவில் தோன்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில் அப்பொறியையும் படைத்த லெவயதன் என்னும் உயிரினம் வெளிவந்தது. ஏணியின் ஒவ்வொரு படிக்கும் மேலே ஒரு படி. தருக்க நூலார் இதனை அநவத்தை என்பர். மேற்படி தோன்றுந்தோறும் கீழ்ப்படி சிறுத்தது. தொடக்கமில்லை என்று முழங்கிய கப்பல் ஒரு பழங்கருவியாயிற்று. லெவயதனுக்குப் பின் வினா ஓய்ந்தது உண்மையே. ஆயின் வினாவோடு அச்சமும் ஓய்ந்துவிட்டது. விடையின் தரம் குறைந்தமையால் இவ்வாறு நேர்ந்தது என்பர் சிலர். விடை எத்தரத்தினதாயினும் இதுவே நேர்ந்திருக்கும் என்பதே பொருந்தும்.

மேலிருந்தும் கீழிருந்தும்

ஜி-மேனைப் பற்றிய ஊகங்கள் அனைத்தும் மேல்நோக்கியே பார்க்கின்றன. அவன் ஆற்றலுக்கு எல்லையிடுவோர் யார் என்பதே அவற்றின் வினாவாயின், அவ்வெல்லை காட்சியாகவே இடம்பெறும் இடங்கள் பனுவலில் உள்ளன. அவற்றை எண்ணிப் பார்த்த ஊகம் அரிது. 2006ஆம் ஆண்டுப் பகுதியின் தொடக்கத்தில் வோர்ட்டிகான்ட்கள் என்னும் உயிரினத்தார் காலம் உறைந்த வெளியினுள் புகுந்து, வெடிப்பின் நடுவிலிருந்து அலிக்ஸை மீட்கின்றனர். ஜி-மேனைச் சூழ்ந்து மறித்து ஃப்ரீமேனையும் கொண்டுசெல்கின்றனர். ஜி-மேன் முகத்தில் சினம் தோன்றும் இடம் அது. சரி, பார்ப்போம் என்னும் பொருள்பட அவன் சொல்வது தோற்றவன் சொல். 2007இல், அவர்கள் அலிக்ஸின் உயிரைக் காக்கும் பணியில் முழுகியிருக்கும் நேரம் பார்த்தே அவன் ஃப்ரீமேனை அணுகுகிறான். அதுவரை காத்திருக்க நேர்ந்ததைத் தன் வாயாலேயே சொல்கிறான். 2020இல் அவனை அடைத்துவைத்த சிறைக்கு ஆற்றல் தருவதற்கும் கம்பைன் பிடித்துவைத்த வோர்ட்டிகான்ட்களே பயன்பட்டனர்.

முதலாளிகளின் தடை, கேட்கப்படும் தடை. ஜி-மேன் சொல்ல நாம் கேட்கிறோம். வோர்ட்டிகான்ட்களின் தடை, காணப்படும் தடை. முன்னதைப் பற்றி ஓராயிரம் பக்கங்கள் எழுதிக் குவிக்கப்பட்டுள்ளன. பின்னது கதைத்திருப்பமாக மட்டும் எண்ணப்படுகிறது. வோர்ட்டிகான்ட்கள் யார் என்பதே இங்கு முதன்மையானது. முதல் விளையாட்டில் அவர்கள் நிஹிலாந்துக்கு அடிமைகள். கழுத்திலும் கையிலும் தளை பூண்டு, ஏவலால் ஃப்ரீமேனைத் தாக்குபவர்கள். ஜி-மேனுக்குப் பெயர் தந்த அதே கோப்புகளில் இவர்களுக்கு இடப்பட்ட பெயர் வேற்றுலக அடிமை என்பது. நிஹிலாந்தின் இறப்பால் விடுதலை பெற்றவர்கள், பின்னர் ஃப்ரீமேனின் துணைவராகின்றனர். எசமானர் எத்தகையோர் என்பதைப் பட்டறிந்த ஓரினமே, பிறர் வாழ்வை ஒப்பந்தமாக்குவோனை மறிக்கும் ஆற்றல் பெற்றதாகக் கதை அமைந்துள்ளது. இதனை லெய்ட்லா எண்ணி அமைத்தாரா என்பது வேறு வினா. பனுவலில் அது உள்ளது.

லெய்ட்லா 2016இல் வால்வை விட்டு விலகியது தெரியவந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், வெளிவராத மூன்றாம் பகுதியின் கதைப்போக்கை ஒரு கடித வடிவில், பெயர்களையும் பாலையும் மாற்றி வெளியிட்டார். நிறுவனத்தின் கட்டு நீங்கியபின் முதலாளிகளின் பெயரை அவர் வெளியிடுவார் என எதிர்பார்த்தோர் பலர். அக்கடிதத்தில் ஜி-மேனுக்கு நிகரான பாத்திரம் வருகிறது. இம்முறை ஃப்ரீமேனைப் பொருட்படுத்தாமல் அலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு போய்விடுகிறது. முதலாளிகளைப் பற்றிய விளக்கம் ஏதும் இல்லை. அழிவை நோக்கிச் செல்லும் கப்பலில் கைவிடப்பட்ட ஃப்ரீமேனை மீட்பவர்கள் வோர்ட்டிகான்ட்களுக்கு நிகரானோரே. எழுதியவர் தனித்து நின்றபோதும் மேலிடத்தை நிரப்பவில்லை. கீழிருந்து வரும் கையை மறக்கவுமில்லை. இக்கடிதத்தை 2020ஆம் ஆண்டு விளையாட்டு அப்படியே பின்பற்றவில்லையாதலின் இது கதையின் ஆணைமொழி ஆகாது. ஆயினும் உரைச்சான்று என்னும் அளவில் இதன் மதிப்பு குறைவுடையதன்று.

தொல்காப்பியர் எச்சவியலில் எண்ணும் பத்து எச்சங்களுள் சொல்லெச்சமும் குறிப்பெச்சமும் வேறுவேறாக வைக்கப்பட்டுள்ளன. சொல்லெச்சத்தில் விடுபட்டது ஒரு சொல். அதனைக் கொணர்ந்து கூட்டினால் தொடர் நிறைவுறும். குறிப்பெச்சத்தில் நிறைவது சொல்லால் அன்று, கருத்தால். ஜி-மேனின் முதலாளிகளைச் சொல்லெச்சமாகக் கொண்டு, விடுபட்ட பெயரைக் கொணர்ந்து கூட்ட முயல்வதே ஆர்வலர் ஊகங்களின் பொதுப்போக்கு. எப்பெயரைக் கூட்டினாலும் தொடர் நிறைவுறாமை கண்டபின்னும் வேறு பெயர் தேடப்படுகிறதேயன்றி, எச்சத்தின் வகை வேறாகலாம் என எண்ணப்படவில்லை. முதலாளிகள் என்னும் சொல் வரும் இடங்களை மீண்டும் நோக்கின், அது ஒருவர் வாழ்வைப் பிறர்க்கு உரியதாக்கும் வேளையிலோ, கேட்டதை மறுக்கும் வேளையிலோ மட்டுமே வருகிறது. கொடுமையைச் செய்பவன் எதிரில் நிற்கிறான். பொறுப்போ எதிரில் இல்லாதவர்க்கு உரியதாகிறது. முன்னர் எழுப்பிய வினாவுக்கு, அதாவது பேசாதவரிடம் இப்பெயரைச் சொல்லி அவன் பெறுவது என்ன என்பதற்கு, விடை இதுவே. ஃப்ரீமேன் பேசாதவராகலாம், ஆடுநர் பேசாதவர் அல்லர். ஆடுநரின் சினமும் வியப்பும் எதிரில் நிற்பவனை விட்டு மேலே எங்கோ திரும்பிவிடுகின்றன. ஊகங்களின் பெருக்கமே இத்திருப்பம் எத்துணை வெற்றியாக நிகழ்ந்துள்ளது என்பதற்குச் சான்று.

முதலாளிகள் அண்டத்தின் சமநிலையைக் காப்போர், ஆகவே ஃப்ரீமேனின் சிறைவாசம் பெருநன்மைக்கு உரியது என்னும் ஊகமும் வழக்கில் உண்டு. பிற ஊகங்கள் பிழையானவை என்ற அளவில் நிற்க, இது பிழையோடு தீமையும் உடையது. ஓர் ஆளை அவர் இசைவின்றி ஆண்டுக்கணக்கில் உறக்கத்தில் வைத்து, வேண்டும்போது எழுப்பி ஏவுதலை, மேலிருப்போர் பெரியோர் என்னும் ஒரே காரணத்தால் அது நியாயமாக்கிவிடுகிறது. பனுவலில் அதற்கு இம்மியும் சான்றில்லை.

2020ஆம் ஆண்டு விளையாட்டின் இறுதியில் அலிக்ஸ் தன் தந்தையின் இறப்பைத் தடுக்கிறாள். அதற்கு ஈடாக ஃப்ரீமேனின் இடத்தில் அவள் உறக்கத்தில் வைக்கப்படுகிறாள். தரப்பட்ட பணியைச் செய்ய ஃப்ரீமேன் இயலாதவராகவோ விரும்பாதவராகவோ ஆகிவிட்டார் என்பதே ஜி-மேன் கூறும் காரணம். பின்னர்க் காட்சி 2007ஆம் ஆண்டுப் பகுதியின் முடிவுக்குத் திரும்புகிறது. ஈலை வான்ஸ் உயிரோடிருக்கிறார், மகளைக் காணவில்லை. நேர்ந்தது என்ன என்பது அவருக்கு உடனே விளங்கிவிடுகிறது. கடப்பாரையை எடுத்து ஃப்ரீமேனின் கையில் தருகிறார். அவர் சினம் முழுவதும் ஜி-மேன்மீதே செல்கிறது; அவனை அனுப்பியோர் யார் என்று அவர் கேட்பதில்லை.